திருவிழாத் தட்டில் ஒரு கலியாணம்

கிட்ட வந்து இருங்கோ. கதிரையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடுங்கோ. கொம்பியூட்டர் திருத்துகிறது கண்ணாலும் கையாலும் செய்கிற தொழில் என்று கனபேர் நினைத்துக்கொண்டிருக்கினம். அது காதால் செய்கிற தொழில். பெட்டியின் சத்தத்தை ஒரு காதிலும் பெட்டிக்காரரின் சத்தத்தை மற்றக் காதிலும் கேட்க வேண்டும். பிறகு இரண்டிலும் எது பழுது என்று தீர்மானிக்க வேண்டும்.

நீங்களும் பட்டிருப்பியள். நாலு படத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொப்பி பண்ணக் கொடுத்துவிட்டு, திரையில் கடதாசி பறக்கிற அந்தச் சின்னச் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்திருப்பியள். முதலில் ‘மூன்று நிமிடம்’ என்னும். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தால் ‘இரண்டு மணித்தியாலம்’ என்னும். குடித்துக் கோப்பையைக் கழுவி வைக்க ‘ஒன்பது நாள்’ என்னும். அப்படி இருந்து இருந்து தலை நரைத்தவைக்குத்தான் இந்தக் கதை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள். நிக்சன் என்ற ஒரு மனிசனின் பெண்சாதி ஜெர்மனிக்கு வருவாளோ மாட்டாளோ என்பது ஒரு பழைய கொம்பியூட்டரின் கெதியில், அதுதான் வேகத்தில், தொங்கிக்கொண்டிருந்த கிழமை.

ஊவேயின் காது

அதற்கு முதல், நான் எப்படி இந்தத் தொழிலுக்குள் விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் படித்தது ஆறாம் வகுப்பு. கெல்சென்கிர்ச்சனில் எனக்குக் கிடைத்த வேலை, கந்தோர்கள், அலுவலகங்கள் எறிகிற பழைய கொம்பியூட்டர்களைக் கழற்றிப் பிரிக்கிற யார்டில். வயர் ஒரு கூடை, தகரம் ஒரு கூடை, பெஸ்ட்பிளாட்டே ஒரு கூடை. கொம்பியூட்டருக்குள் எல்லாத்தையும் எழுதி வைத்திருக்கிற சாமானைத்தான் ஜெர்மன்காரர் பெஸ்ட்பிளாட்டே என்பினம். ‘பெஸ்ட்’ என்றால் இறுக்கமானது, ‘பிளாட்டே’ என்றால் தட்டு. உள்ளே உண்மையிலேயே கண்ணாடி போல் மினுங்குகிற தட்டுத்தான் சுற்றும். அதற்கு மேல் ஒரு ஊசிக்கை ஓடியோடி வாசிக்கும்.

எனக்குப் பக்கத்து மேசையில் ஊவே. முந்தி நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன். தலைக்கு மேல் கூரை முனகுகிறதைக் கேட்டுக்கேட்டுத் தீட்டின காது. தட்டுக்குக் கரண்ட் கொடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு, “இது நல்லது, இது நோயாளி, இது பிணம்” என்று பிரிப்பான். ஒரே சீராக இரைந்தால் நல்லது. இடைக்கிடை ‘டிக், டிக்’ என்று தொண்டையைச் செருமினால் நோயாளி. மூன்று மாதத்தில் எனக்கும் அந்தக் காது வந்துவிட்டது. சனி ஞாயிறில் எங்கட ஆட்களின் வீடுகளுக்குப் போய்ப் பெட்டியில் காதை வைக்கத் தொடங்கினேன். ‘கொம்பியூட்டர் சந்தியா அண்ணை’ என்று பெயரும் வந்துவிட்டது. நான் ஊவேயிடம், “சாகிற தட்டெல்லாம் ஏன் முதலே சத்தம் போடுது?” என்று கேட்டதற்கு அவன் சொன்னான்:

“சாகப்போறது எல்லாம் சத்தம் போடும், சந்தியா. ஆனால் சத்தம் போடுறதெல்லாம் சாகும் எண்டு நம்பிக்கொண்டிராதை. என்ரை மாமி முப்பது வருசமாச் சத்தம் போடுறா.”

கொண்டு வரச் சொன்ன தட்டு

நிக்சன் வுப்பர்டாலில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. ஊரில் சண்டை, போக ஏலாத காலம், அதனால் திருச்சிக்குப் போய் ஜெசிந்தா என்ற பிள்ளையைக் கலியாணம் கட்டினவன். பதினொரு நாள் கூட இருந்தான். பிறகு இவன் இங்கே, அவள் அங்கே, பதினெட்டு மாதம். வெளிநாட்டவர் கந்தோரில் இவனை ஒருக்கால் கூப்பிட்டு, பெண்சாதியின் பல்லுத் தூரிகை என்ன நிறம் என்று கேட்டிருக்கினம். இவன் நேர்மையாக, தான் அவளின் முகத்தையே பயத்தில் வடிவாகப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். அதோடு அவைக்குச் சந்தேகம். வருகிற திங்கள் பத்து மணிக்கு ரெர்மின், கலியாணப் படங்களோடு வரவும் என்று கடிதம் வந்தது. கந்தோர் குறித்துத் தருகிற நேரத்தைத்தான் ரெர்மின் என்பினம். அதைத் தவறவிட்டால் அடுத்த ரெர்மின் எப்போது கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அல்பத்தை ஜெசிந்தா தபாலில் போட்டாள், அது எந்தக் கடலில் நின்றதோ, வந்து சேரவில்லை. படங்கள் அறுநூறு சொச்சம் நிக்சனின் கொம்பியூட்டருக்குள் இருந்தன. ஒரு படம் திறக்க ஒரு பத்துமணிச் செபமாலை சொல்லி முடிக்கலாம். திருத்தித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருந்தான், செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். நிக்சன் வேலைக்குப் போயிருந்தான். அவனின் தமக்கை எமில்டா அக்கா எடுத்தா. அவ என்னைவிட வயதில் குறைவு, ஆனால் வுப்பர்டால் முழுக்க அவவை அக்கா என்றால் நான் மட்டும் என்ன செய்ய. “முழுப் பெட்டியும் தூக்க வேண்டாம், பெஸ்ட்பிளாட்டேயை மட்டும் கொண்டு வாங்கோ” என்றேன். “ஓம் அண்ணை, நாளைக்கு வாறன்” என்று வைத்துவிட்டா.

புதன்கிழமை பின்னேரம் கதவைத் திறந்தால், அக்கா இரண்டு கையாலும் ஒரு பெரிய தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. வெள்ளித்தாள் மூடின தட்டு. ரோல்ஸ், கட்லட், உழுந்து வடை, ஓரத்தில் வெட்டின கேக். ஜெர்மன் பாஷையில் பாருங்கோ, ‘பெஸ்ட்’ என்றால் இறுக்கம் மட்டுமில்லை, கொண்டாட்டமும் அதுதான். அக்கா வேலை செய்கிற இடத்தில் ஆரும் பென்சன் போனால் இறைச்சித் தட்டு, சீஸ் தட்டு என்று வைப்பினமாம், எல்லாம் பிளாட்டேதானாம். நான் தலையில் கை வைத்ததைக் கண்டுவிட்டு அக்கா சொன்னா:

“நீங்கள்தானே அண்ணை கொண்டு வரச் சொன்னது. நானும் ரெயினுக்குள்ளை யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான், கொம்பியூட்டர் பாக்கிறதுக்கு ஏன் இந்த மனிசனுக்குத் திருவிழாத் தட்டு எண்டு.”

மாதாவுக்குக் கீழே

இனி நான் போனால்தான் சரி என்று வியாழன் வேலை முடிந்து வுப்பர்டாலுக்குப் போனேன். கொம்பியூட்டர் எங்கே என்று கேட்டேன். விறாந்தையில் மடுமாதா சுரூபம் வைத்த மேசையைக் காட்டினா அக்கா. மாதாவுக்குக் கீழே கொம்பியூட்டர். அதற்கு மேல் பின்னல் விரிப்பு, பின்னலுக்கு மேல் மெத்தென்ற நீலத் துணி, துணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. பின்பக்கத்தில் காற்றுப் போகிற ஓட்டைகளுக்குத் தூசு போகக்கூடாது என்று ஒட்டுநாடா. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சாம்பிராணிச் சாம்பல்.

உறையை உரித்து, துணியை உரித்து, மூடியைத் திறந்தேன். உள்ளே தூசு மெத்தை விரித்ததுபோல் கிடந்தது. பெட்டி முழுக்கப் பெரிய வெள்ளிக்கிழமை மணம். தட்டில் கை வைத்தேன், தோசை சுடலாம் போல் இருந்தது. காதை வைத்தேன். ‘டிக்.’ கொஞ்சம் பொறுத்து, ‘டிக், டிக்.’ ஊவே பக்கத்தில் நின்றால் நோயாளிக் கூடையில் போட்டிருப்பான். நான் அக்காவிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன், “அக்கா, கொம்பியூட்டருக்கும் மூச்சு விட வேணுமெல்லோ? ஏன் இப்பிடிப் பொத்தி வைச்சனியள்?” அவ சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

“படத்தை மாதா காப்பாத்தினவ. பெட்டியைக் காப்பாத்திறது உங்கட வேலை. ஆளுக்கொரு வேலையைப் பாருங்கோ.”

முதலாளி மூட்டை தூக்கின கதை

தூசைத் தட்டி, ஒட்டுநாடாவைப் பிய்த்து, காற்றாடியைத் துடைத்துப் போட்டேன். இரைச்சல் குறைந்தது, கெதி வரவில்லை. அப்போதுதான் கண்டேன், பெட்டி தன்பாட்டில் பழைய வழிக்கு இறங்கியிருந்தது. உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். நல்ல நாளில் தட்டிலிருந்து சாமான் இறக்கக் கூலியாட்கள் இருப்பினம், முதலாளி, அதுதான் பெட்டியின் மூளை, தன் கதிரையில் இருந்து கணக்குப் பார்ப்பார். கூலியாட்கள் நாலைந்து தரம் மூட்டையைத் தவறவிட்டால் முதலாளிக்குக் கோபம் வந்து, “ஒருத்தரும் வேண்டாம், நானே தூக்கிறன்” என்று இறங்கிவிடுவார். பிறகு ஒவ்வொரு மூட்டையும் அவர் தலையில்தான். கதிரை வெறுமை. கடை முழுக்க நின்றுபோகும். அதுதான் நடந்தது.

கோபத்தை ஆற்றுகிறதற்கு ஒரு வழி உண்டு. அந்த இணைப்பையே பட்டியலிலிருந்து அழித்துவிட்டுப் பெட்டியை நிற்பாட்டித் திரும்பப் போட்டால், முதலாளி பழையதை மறந்துபோய்க் கூலியாட்களைத் திரும்பக் கூப்பிடுவார். செய்தேன். பெட்டி பாய்ந்து எழும்பியது. “பாத்தியளே!” என்று நான் கையைத் தட்ட, நிக்சன் சந்தோசத்தில் திருச்சிக்கு ரெலிபோன் எடுக்கப் போய்விட்டான். கொப்பி பண்ணக் கொடுத்தேன். ‘நாற்பது நிமிடம்’ என்றது. முப்பத்தைந்து என்றது. பிறகு ‘டிக், டிக், டிக்’. கூலியாட்கள் திரும்பவும் மூட்டையைப் போட்டுவிட்டினம். தட்டிலேயே காயம் என்றால் எத்தனை தரம்தான் சமாதானம் பேசுகிறது? கடதாசி பறக்கிற படத்துக்குக் கீழே ‘ஐந்து நாள்’ என்று எழுதி வந்தது. நிக்சன் ரெலிபோனைக் கையில் பிடித்தபடி நின்று விரல் மடக்கினான்:

“வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அண்ணை, எனக்கு ரெர்மின் திங்களெல்லோ?”

ஆறுதல் சொன்ன அக்கா

வெள்ளிக்கிழமை நிக்சன் கூப்பிட்டு ஆகெனிலிருந்து கார்த்திக் வந்தார். திருச்சிக்காரர். பல்கலைக்கழகத்தில் இயந்திரங்களோடு என்னவோ ஆராய்ச்சி. நெற்றி பின்னுக்கு ஏறத் தொடங்கின வயது. ஒருமுறை ஊருக்குப் போய்வந்தபோது ஜெசிந்தா கொடுத்துவிட்ட ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டு வந்து கொடுத்தவர், அதில் பழக்கம். பெட்டிக்கு முன்னால் இருந்து என்னவோ ஒரு சோதனை ஓட்டினார். அது ஊர்ந்தது. அவருக்கு வியர்த்தது. அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஆறுதலாச் செய்யுங்கோ தம்பி” என்றா.

கார்த்திக் நிமிர்ந்து பார்த்தார். “இல்லக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்.” அக்கா விடவில்லை. “ஓம் ஓம், ஆறுதலாச் செய்யுங்கோ. உதுவும் கொஞ்ச நாளா ஆறுதலாத்தான் ஓடுது. முந்தி இப்பிடி ஆறுதலா ஓடுறேல்லை.” கார்த்திக் என்னைப் பார்த்தார். “சார், டிஸ்குக்கு யார் ஆறுதல் சொல்றாங்க?” எங்கட பக்கத்தில் ஆறுதல் என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிற்பாட்டிப் பதமாகச் சொன்னார்: “சார், டிஸ்க்ல பேட் செக்டர், படிக்கவே முடியாத இடம், நிறைய இருக்கு. அறுநூறும் வராது. எது முக்கியமோ அதை முதல்ல எடுத்துருங்க. அது எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.” நிக்சன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கனத்தைக் குறைக்க வேண்டுமென்று நினைத்தாரோ என்னவோ, கார்த்திக் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்:

“உங்க ஊர்ல ஸ்லோவுக்கும் ஆறுதலுக்கும் ஒரே வார்த்தைன்னா, உலகத்துலயே கம்ப்யூட்டர் வெச்சு நிம்மதியா வாழக்கூடிய ஆளுங்க நீங்கதான் சார்.”

மீனுக்கு விடுதலை

சனி காலை ஊவேக்கு ரெலிபோன் எடுத்தேன். நோயாளியின் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். அவன் கேட்டுவிட்டு, “குளிர்ப்பெட்டியிலை வை. நல்லா உறைஞ்சாப் பிறகு எடுத்தால் இருபது நிமிசம் தருவான். அதுக்குப் பிறகு செத்தவீட்டுப் பூசைதான்” என்றான். நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதேயுங்கோ. பிழைக்கிறதைவிட ஈரம் பிடித்துச் சாகிற தட்டுத்தான் கூட. வேறு வழியெல்லாம் மூடினவன் தட்டுகிற கதவு அது.

தட்டை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு குசினிக்குப் போனேன். அக்காவின் குளிர்ப்பெட்டியில் ஊசி குத்த இடமில்லை. திருக்கை, விளைமீன், நண்டு, இறால், முருங்கைக்காய்த் துண்டு, ஆருக்கோ நேர்ந்துவைத்த ஒரு முழு ஆட்டுத்தொடை. “எதையாவது எடுங்கோ அக்கா” என்றேன். அக்கா எதையாவது எடுக்கிற ஆளில்லை. தட்டுக்குப் பக்கத்தில் இறால் இருக்கக்கூடாது, மணம் ஏறும். நண்டு இருக்கக்கூடாது, கால் குத்தும். கடைசியில் கடல் முழுக்க வெளியே வந்தது. எடுத்ததைத் திருப்பி வைக்கக்கூடாதாம், அதனால் காலை ஒன்பது மணிக்கு அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினா. மேல்வீட்டு ஜெர்மன் கிழவர் மணம் பிடித்துக்கொண்டு வந்து, என்ன கொண்டாட்டம் என்று கேட்டுவிட்டு, ஒரு கோப்பை நண்டுக்குழம்போடு போனார். நான் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குளிர்ப்பெட்டியைத் திறந்து தட்டைத் தொட்டுப் பார்க்க, அக்கா அகப்பையும் கையுமாக வந்து மெல்லக் கேட்டா:

“அண்ணை, படத்திலை மீன் மணம் அடிக்காதெல்லோ? கந்தோரிலை குடுக்கிறது.”

இருபது நிமிடம்

என் வீட்டுப் பெட்டியை ரெயிலில் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். பின்னேரம் மூன்று மணிக்குத் தட்டை எடுத்து, துவாயால் துடைத்து, என் பெட்டியில் கொழுவினேன். காதை வைத்தேன். சீரான இரைச்சல். செருமல் இல்லை. “இப்ப சொல்லுங்கோ, எதை எடுக்க? கெதியா!” என்றேன். திரையில் வெறும் இலக்கங்கள்தான். படத்தைத் திறந்து பார்த்துத் தெரிவு செய்ய நேரமில்லை.

நிக்சன் பாய்ந்தான். “தாலி கட்டினது! மோதிரம் மாத்தினது! மாலையோடை நிண்டு எடுத்தது!” அக்கா அவனைத் தோளில் பிடித்து இருத்தினா. “பேயா! மாலை போட்டு நிக்கிற படம் ஆரும் எடுப்பினம். அந்தக் கந்தோர் மனிசி ஆயிரம் மாலை பாத்திருப்பா. பந்தியிலை இருந்து சாப்பிடுறதை எடுங்கோ அண்ணை. பொய்க் கலியாணத்துக்கு ஆர் இருநூறு பேருக்குப் புரியாணி போடுவினம்? சண்டை பிடிக்கிற சித்தப்பாமாரை ஆர் வாடகைக்குப் பிடிப்பினம்?” அக்காவும் அந்தக் கலியாணத்துக்குப் போனவ. ஆஸ்பத்திரிச் சலவையில் கட்டில் விரிப்பு எண்ணுகிறது அவவின் வேலை, எண்ணாமல் எதையும் பார்க்கத் தெரியாது. “கோயில் இருநூறு. வாசலிலை நிண்டது நூறு. சாய்ஞ்சு சரிஞ்சு நிண்டது நூற்றைம்பது. நானூற்றைம்பத்தொண்டிலை இருந்து சோறு.” நானூற்றைம்பத்தொன்றிலிருந்து இழுத்தேன். ஒன்று. இரண்டு. பத்து. இருபது. நிக்சன் செபம் சொன்னான். முப்பத்தைந்து. ‘டிக்.’ நாற்பது. ‘டிக், டிக்.’ நாற்பத்தொன்று. பிறகு ‘கிர்க்’ என்று ஒரு சத்தம். தட்டு நின்றது. பிறகு எழும்பவேயில்லை.

கடை பூட்டுமுன்னம் நாற்பத்தொரு படத்தையும் அச்சடித்துக்கொண்டு வந்து மேசையில் பரப்பினோம். இலை வழிய இலை வழிய மனிசர். வாய்க்குள் கோழிக்கால். சித்தப்பா ஒருத்தர் அகப்பையை நீட்டி இன்னொரு சித்தப்பாவை வெருட்டுகிறார். கலியாணப் பூசை வைத்த சுவாமியார் பாயாசத்தில். நிக்சன் ஒவ்வொன்றாய்ப் புரட்டினான். அழுகை வரும்போல் இருந்தது. “அக்கா, என்ரை கலியாணத்திலை நான் மூண்டு படத்திலைதான் இருக்கிறன். அதிலை ரண்டு முதுகு.” அக்கா படங்களை அடுக்கிக்கொண்டு, அவனைப் பார்க்காமலே சொன்னா:

“முகம் பாஸ்போட்டிலை இருக்கு. பேசாமல் இரு.”

பத்து மணி

திங்கள் நானும் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். கந்தோர் மனிசி நரைத்த தலை, கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருந்தா. சிரிக்கவில்லை. நிக்சன் அக்காவைப் பார்த்தான். கதைத்தது அக்கா. அவவின் ஜெர்மன் சலவைக் கூடத்து ஜெர்மன். இலக்கணம் வராது, ஆனால் ஆளை நிற்பாட்டி வைக்கும்.

முதல் படத்தை வைத்தா. “இது மாப்பிள்ளையின்ரை பெரியப்பா. சீனி வருத்தம். களவாக் கேசரி சாப்பிடுறார். பின்னாலை நிண்டு பாக்கிறது பெரியம்மா.” மனிசி குனிந்து பார்த்தா. இரண்டாவது. மூன்றாவது. அகப்பைப் படம் வந்தது. “இவை ரண்டு பேரும் பன்ரண்டு வருசமாக் கதைக்கிறேல்லை. கறி காணாது எண்டு அண்டைக்குத்தான் திரும்பக் கதைச்சவை.” படத்தின் ஓரத்தில் மணப்பெண் ஜெசிந்தா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள். அவளின் முழங்கை பக்கத்தில் இருக்கிற முதுகில் இடிக்கிறது. அந்த முதுகு நிக்சன். கந்தோர் மனிசி அந்தப் படத்தைக் கையில் எடுத்தா. கனநேரம் பார்த்தா. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தா. தன் கலியாணத்திலும் ஒரு மாமன் இப்படி எழும்பி நின்றவர், கரண்டிக்குப் பதிலாகப் பியர்ப் போத்தல் என்றா.

நாற்பத்தொன்றும் முடிந்தது. “எனக்குத் திருப்தி. உங்கட காகிதக் கோவையை மேலே அனுப்புறன். ஆறு கிழமைக்குள்ளை பதில் வரும்” என்றா. நிக்சனின் முகம் விழுந்தது. அக்கா எழும்பவில்லை. “ஆறு கிழமை எண்டால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கு. பிழையில்லை. ஆறுதலாப் பாப்பம்” என்று கைப்பையைத் திறந்து, இறப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தா. செங்கல் தடிப்பு. மேலே ஒரு படம், பந்தியில் ஒரு குழந்தை. வளையத்தைக் கழற்றாமல் அந்த மேல் படத்தையே காட்டி, “இந்தக் குழந்தையின்ரை தாயின்ரை தகப்பன் வழியிலை...” என்று தொடங்கினா. வெளியே பத்துப் பதினைந்து பேர் காத்துக்கொண்டு நிற்கினம். மேசை ரெலிபோன் அடிக்குது. மனிசி மணிக்கூட்டைப் பார்த்தா, கட்டைப் பார்த்தா, இலாச்சியை இழுத்து ஒரு தாளை எடுத்தா. எழுதினா. முத்திரை குத்தினா. இண்டைக்கே தூதரகத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் கட்டின் மேல் வைத்துக்கொண்டு சொன்னா:

“அம்மா, நான் முழுசா நம்புறன். தயவுசெய்து அந்த வளையத்தை மட்டும் கழட்டாதேயுங்கோ.”

தொங்கு ரெயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். நிக்சன் ஒரு மூலையில் நின்று திருச்சிக்கு ரெலிபோனில் அழுதுகொண்டிருந்தான். எனக்கு மனம் ஆறவில்லை. “அக்கா, தட்டிலை இருந்து வந்தது நாற்பத்தொண்டுதானே. அந்தக் கட்டுப் படமெல்லாம் எங்காலை?” என்றேன். அக்கா வாங்கிலில் இருந்து வளையத்தைக் கழற்றினா. மேலே ஒரு படம், கீழே ஒரு படம், இரண்டும் கந்தோரில் காட்டின படங்களின் இரண்டாம் பிரதி. நடுவில் முழுக்கத் தபால்பெட்டியில் சும்மா வந்து விழுகிற கடை விளம்பரத் தாள், படத்தின் அளவுக்குக் கத்தரிக்கோலால் ஒரே சீராக வெட்டினது. தட்டு ஆட்கள், படிச்ச ஆட்கள், குளிர்ப்பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு கிழமையில் நகர்த்த முடியாத கொம்பியூட்டரைப் பற்றி நான் யோசித்துக்கொண்டு நிற்க, ஐந்து நிமிடத்தில் ஒரு கந்தோரையே நகர்த்தின மனிசி, அந்தக் கட்டுக்குள்ளிருந்து வெங்காயம் அரைவிலை என்று போட்டிருந்த துண்டை மட்டும் உருவி, திகதி முடியவில்லைத்தானே என்று பார்த்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டா.